முதற் காசு ஸ்பீக்கருக்கு

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அப்பாவின் ரெக்கோட் பெட்டி யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தாய், பெரிய சந்தோசம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமாக வீடு கிடைத்ததும் நல்லதுதான். அந்த உப்புக் காற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எந்த அம்பிளிஃபயர், எந்த ஸ்பீக்கர் என்று கேட்டிருந்தாய். போனில் கதைத்தால் பாதி மறந்துபோகும். கடைக்குப் போகும்போது கையில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கடைக்குப் போக முதல் பெட்டியைப் பிரித்து அடுக்கு. பாரமாக, தடிப்பாக இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள். அரக்கில் செய்தவை, விழுந்தால் நொறுங்கிவிடும். அவற்றில் ஊசி ஓடும் தவாளிப்பு அகலம். எல்பிக்கு, அதாவது 33 சுற்றுத் தட்டுக்கு, உள்ள ஊசியின் முனை ஏறக்குறைய 18 மைக்ரோன், 78க்கு வேண்டியது 75 மைக்ரோன் அளவில். எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது தவாளிப்பின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உழும். பாட்டை விட இரைச்சல் கூடும், ஊசியும் தேயும். 78 தட்டு கனக்க இருந்தால் 33, 45, 78 என்று மூன்று வேகமும் உள்ள, ஊசி மாற்றக்கூடிய பிளேயர் வேண்டும். ஒடியோ டெக்னிக்காவின் ஏடி-எல்பி 120 எக்ஸ் அப்படியானது. அதிலிருக்கும் விஎம் 95 கார்ட்ரிட்ஜில் (ஊசியைப் பிடித்திருக்கும் தலையில்) ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றி, 78க்கான ஊசியைச் செருகலாம். சின்னவன் எல்பி 60 எக்ஸ் 33, 45 இரண்டு வேகத்தோடு சரி. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர்கள் வடிவாக இருக்கும், வாங்காதே. விஎம் 95 இரண்டு கிராம் பாரத்தோடு தட்டில் ஓடும். சூட்கேஸ்களில் பெரும்பாலும் இருக்கும் செரமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராம் வரை அழுத்தும். அப்பாவின் தட்டுகளுக்கு அது கூடாது.

இனி, கனபேர் சறுக்குகிற இடம் ஒன்று. ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் நாலு மில்லிவோல்ட் அளவுதான். சீடி பிளேயர் தருவது இரண்டு வோல்ட், ஐந்நூறு மடங்கு. அதோடு, தட்டு வெட்டும்போதே தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் அதேயளவு கூட. தாழ்ந்த ஒலியை முழு அளவில் வெட்டினால் தவாளிப்பு அலைந்து பக்கத்துத் தவாளிப்பில் முட்டும். உயர்ந்ததைக் கூட்டி வெட்டிவிட்டுக் கேட்கும்போது குறைத்தால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். ஆர்ஐஏஏ வளைவு என்று இந்தக் கூட்டல் குறைத்தலை 1954இல் பொதுவாக்கினார்கள். ஆகவே நூறு மடங்காவது பெருக்கவும் வேண்டும், இந்த வளைவைத் திருப்பிப் போடவும் வேண்டும். இரண்டையும் செய்வது போனோ ஸ்டேஜ். அது சில பிளேயருக்குள் இருக்கும், சில அம்பிளிஃபயருக்குள் இருக்கும், தனிப் பெட்டியாகவும் கிடைக்கும். எங்கேயாவது ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருக்கக் கூடாது.

அது இல்லாமல் ஓக்ஸில், அதாவது சீடி பிளேயர் போன்றவற்றுக்கான அம்பிளிஃபயர் துளையில், செருகினால், தகரப் பேணிக்குள் இருந்து பாடுவதுபோலச் சன்னமாகக் கேட்கும், வொல்யூமை முழுக்கத் திருப்பினாலும் எழும்பாது. இரண்டு சேர்ந்துவிட்டால் குரல் உடைந்து, அடிச்சத்தம் கும்கும் என்று அடைக்கும். நான் சொன்ன இரண்டு பிளேயரிலும் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அம்பிளிஃபயரின் போனோ துளையில் செருகினால் சுவிட்ச் போனோவில், ஓக்ஸில் செருகினால் லைனில். பழுது என்று திருத்தக் கொடுக்கப் போக முதல் இந்தச் சுவிட்சைப் பார்.

பிளேயரை விட்டு மிச்சக் காசைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஆறு பங்கு ஸ்பீக்கருக்கு, மூன்று அம்பிளிஃபயருக்கு, ஒன்று வயருக்கும் தாங்கிக்கும். ஒரு விலைக்கு மேல் அம்பிளிஃபயர்களுக்கிடையே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் சின்னது. ஸ்பீக்கர்களுக்கிடையே உள்ளது மிகப் பெரிது.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதே. ஸ்பீக்கரின் பின்னால் 87 டெசிபெல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் நின்றால் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். உன் அறையில் இரண்டரை மீட்டர் தள்ளி இருந்து சோடியாகக் கேட்டால், அந்த ஒரு வாட்டிலேயே 80க்கு மேல் வரும். அயலவர் கதவைத் தட்டத் தொடங்கும் அளவு அது. தவில் உச்சத்துக்கு ஏறும் கணத்துக்கு இன்னும் 15 டெசிபெல் வேண்டுமென்றாலும் முப்பது வாட் போதும். ஆகவே பக்கத்துக்கு நாற்பது, ஐம்பது உண்மையான வாட்ஸ் தாராளம். ஸ்பீக்கரில் மூன்று டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இருமடங்கு வாட் வேண்டும் என்பதையும் நினைவில் வை. 84ஐ விட 87 எவ்வளவோ மேல்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சின்னச் சின்ன டிஜிட்டல் அம்பிளிஃபயர்களை எடுத்துக் காட்டுவார்கள், பெட்டியில் 200 + 200 என்று போட்டிருக்கும். அதோடு வரும் அடப்டரைத் திருப்பி அடியில் வாசி. 24 வோல்ட், 4 அம்பியர் என்றிருந்தால் பெருக்கு: 96 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். வெப்பமாகக் கழிவது போக, இரண்டு பக்கமும் சேர்த்துத் தொடர்ந்து எண்பத்தைந்துக்கு மேல் வெளியே வராது. பிஎம்பிஓ என்று, விளம்பரத்துக்கு ஊதிய கணக்கில், மூவாயிரம், நாலாயிரம் போட்ட பெட்டியைக் கையில் எடுக்கவே வேண்டாம். நேர்மையான கணக்கில் வாட்ஸோடு எத்தனை ஓம், எந்தச் சுருதி முதல் எதுவரை, எத்தனை சதவீதம் திரிபு என்ற மூன்றும் சேர்ந்து எழுதியிருக்கும். அந்தச் சின்ன அம்பிளிஃபயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. டிபிஏ 3116, டிபிஏ 3255 சிப் போட்டவை நல்ல அடப்டரோடு இந்த அறைக்குத் தெளிவாகவே பாடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் போனோ ஸ்டேஜ் இல்லை. பிளேயரின் லைன் சுவிட்சோ தனிப் பெட்டியோ வேண்டும்.

மிகவும் மலிவாக முடிக்க வேண்டுமென்றால் எல்பி 60 எக்ஸ், அதோடு எடிஃபையர் ஆர் 1280 டி. அம்பிளிஃபயர் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது, மொத்தம் 42 வாட், சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளை இரண்டு சோடி. போனோ ஸ்டேஜ் கிடையாது, ஆகவே பிளேயர் லைனில். பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்குக் குறையில்லை. ஒரே குறை, உள்ளே போர்ட் பழுதானால் இரண்டு பெட்டியும் ஒன்றாய்ப் படுத்துவிடும், துண்டு துண்டாக மேம்படுத்தவும் வழியில்லை. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் யமஹா ஏ-எஸ் 201 போல, போனோ துளை உள்ள அம்பிளிஃபயர் ஒன்றையும் தனி ஸ்பீக்கர் சோடியையும் எடு. ஸ்பீக்கரில் சோனி எஸ்எஸ்-சிஎஸ் 5, டாலி ஸ்பெக்டர் 2 இரண்டும் இந்த அளவுக்குப் பொருந்தும், இரண்டும் 6 ஓம். உனக்கு வேண்டியது ஐந்திலிருந்து ஆறரை அங்குல வூஃபர், அதாவது பெட்டியின் பெரிய கூம்பு. அப்பாவின் தட்டுகளில் இருப்பது குரலும் வயலினும் நாதஸ்வரமும், எல்லாம் நடுச்சுருதி. சப் வூஃபர் விற்கப் பார்ப்பார்கள், வேண்டாம். பழைய தட்டுகளில் அவ்வளவு தாழ்ந்த இசை இல்லை, பிளேயரின் உறுமலையும் தட்டின் நெளிவையும்தான் அது ஊதிப் பெருப்பிக்கும். நெளிந்த தட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றிப் பார்: சத்தமே இல்லாமல் வூஃபர் மூச்சு வாங்குவதுபோல வெளியே வந்து உள்ளே போகும். அந்த வீண் அசைவிலேயே அம்பிளிஃபயரின் பலம் கரைகிறது.

ஜப்பான் பழைய செட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். உனக்கு நான் மனதாரச் சொல்வது அதைத்தான், ஆனால் கண் திறந்து வாங்க வேண்டும். பெரும்பாலான பழைய அம்பிளிஃபயரில் நல்ல போனோ ஸ்டேஜ் இருக்கும், கனவற்றில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் அந்த வூஃபர் அசைவை வெட்டும் சப்சொனிக் ஃபில்டரும். உன் பெட்டியில் அறுபதுகளின் தட்டுகள் பெரும்பாலும் மோனோவாகவே இருக்கும். ஸ்டீரியோ ஊசி அவற்றில் மேலும் கீழும் அசைந்து, பாட்டில் இல்லாத இரைச்சலையும் எடுக்கும். மோனோ சுவிட்சைப் போட்டால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரசரப்பு ஒரு படி கீழே இறங்கி, குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்கும். இன்றைய மலிவு அம்பிளிஃபயர்களில் அந்தச் சுவிட்சைக் காண்பது அரிது.

பார்க்க வேண்டியது இவை. பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் நம் 230இல் நேரே செருகினால் அந்தக் கணமே போச்சு. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போர்மர் வேண்டும்; பின்னால் 150 வாட் என்றால் 300 விஏ எடு, சூடேறாது. பழைய பிளேயருக்கு வோல்ட் மட்டும் சரியானால் போதாது. மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துச் சுழலும் மோட்டர் என்றால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே 50இல் மெதுவாகும்: 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். ஷட்ஜம் இருந்த இடத்திலிருந்து சாதாரண காந்தாரத் தூரம் சுருதி இறங்கும். ட்ரான்ஸ்போர்மர் அதைத் திருத்தாது.

பிறகு அம்பிளிஃபயரைப் போட்டு, வொல்யூமைக் கீழே வைத்து, ஸ்பீக்கர் பூட்டாமல், ஸ்பீக்கர் துளையின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வை. 50க்குள் என்றால் சரி. 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ போய்க்கொண்டிருக்கிறது, அது நாளைக்கு உன் வூஃபரை எரிக்கும். வொல்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் பயமில்லை, கொன்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தரம் திருப்பினால் போகும். மெல்லிய சத்தத்தில் ஒரு பக்கம் மறைந்து, சத்தம் கூட்டினால் திரும்பி வந்தால் உள்ளே ஸ்பீக்கரைத் தொடுக்கும் சுவிட்ச், ரிலே, கறுத்துவிட்டது. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பழைய ஸ்பீக்கரில் முதலில் வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடு. ரப்பர் என்றால் வளையும். நுரைப் பஞ்சு என்றால் நம் ஈரக் காற்றில் உளுத்திருக்கும், தொட்ட விரலில் கறுப்பாக, கேக் தூள் மாதிரி ஒட்டும். பிறகு நாலு விரலைச் சுற்றிவர வைத்துக் கூம்பை நேராக ஒரு மில்லிமீட்டர் அளவு அமர்த்தி விடு. உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கோணியிருக்கிறது, அதை விட்டுவிடு.

வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், பக்கத்துக்கு ஐந்து மீட்டர் வரை, ஹார்ட்வெயார் கடையில் வாங்கியது போதும். கத்தியால் இழையைச் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். பூட்டும்போது ஒரு இழை தப்பிச் சிவப்பிலிருந்து கறுப்பில் தொட்டாலும் அம்பிளிஃபயர் போய்விடலாம், நன்றாக முறுக்கிவிட்டுச் செருகு. சிவப்புக்குச் சிவப்பு, ஒன்று மாறினால் அடிச்சத்தம் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

ம்ம் என்ற இரைச்சல் வந்தால், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை அம்பிளிஃபயரின் பின் திருகாணியில் பூட்டு. எல்பி 60 எக்ஸில் அந்த வயர் இல்லை. ஆர்சிஏ வயர் ட்ரான்ஸ்போர்மரை ஒட்டிக் கிடந்தாலும் அதே இரைச்சல்தான், ஓரடி தள்ளி வை. உருண்டைப் பின்னிலிருந்து 13 அம்பியர் சதுரப் பின்னுக்கு மாற்றும் மலிவு அடப்டர்களில் எர்த் பின் சும்மா ஒப்புக்கு இருக்கும், உள்ளே தொடுப்பு இராது, மீட்டரால் பார். இரைச்சலை நிறுத்த எர்த்தை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதே, உயிராபத்து.

ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். சோதிக்க, சுழலாமல் நிற்கும் தட்டில் ஊசியை இறக்கி, வொல்யூமை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து, மேசையை ஒரு விரலால் தட்டு. ஸ்பீக்கரில் டொம் என்று கேட்டு உடனே அடங்க வேண்டும். நீண்டு ஊளையிட்டால் இடத்தை மாற்று. உன் வீட்டுக்குக் கரையோர ரயிலும் இருப்பதால், தடித்த சுவரில் அடித்த தட்டில் பிளேயரை வைப்பது நல்லது. ஸ்பீக்கர் இரண்டும் நீ இருக்கும் கதிரையும் முக்கோணமாக, ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்னக் கூம்பு) காதின் உயரத்தில். பின்னால் ஓட்டை உள்ள பெட்டி என்றால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி. டைல்ஸ் நிலமும் வெறும் சுவரும் எதிரொலித்துக் குரலைக் குழப்பும். நடுவில் ஒரு தடித்த கம்பளம் போட்டாலே பாதி தீரும்.

உப்புக் காற்றில் ஆர்சிஏ துளைகள் பச்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கொரு தரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றித் திருகித் திரும்பச் செருகினால் போதும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமுழக்கம் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடு. தட்டுகளைக் கழுவும்போது 78இல் அல்கஹோல் பட விடாதே, அரக்குக் கரைந்துவிடும்.

இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறக்கோட்டையில் சந்திப்போம். உனக்கு மனப்பாடமான எல்பி ஒன்றைக் கொண்டுவா, கடைக்காரர் போடும் தட்டில் ஸ்பீக்கரின் குறை தெரியாது. மீட்டரை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி
கொட்டாஞ்சேனை