முதியோரின் நாள்பட்ட நோய்களுக்கு ஒரே நாளில் முழுப் பரிசோதனை கோரும் மனு

அனுப்புநர்:
வயதான பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பத்தினர்

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: அரசு மருத்துவமனைகளில் 60 வயது கடந்தவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், கண், பாதம் அனைத்தையும் ஒரே நாளில் பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வயதானவர்களுக்கு நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சர்க்கரை இருப்பவர்களில் பலருக்குப் பிரஷரும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கின்றன. ஆனால் மருத்துவமனையில் சர்க்கரைக்கு ஒரு கிழமை, இதயத்துக்கு வேறொரு கிழமை, கண்ணுக்கு இன்னொரு நாள். கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லாத வாரத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் கண்ணும் பாதமும்தான். ஆரம்பத்தில் அங்கே வலி தெரியாது, அதனால் அவர்களும் கேட்பதில்லை.

அப்புறம் மாத்திரைகள். ஒரு பெரியவரின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். மூட்டுவலிக்குத் தானாகவே கடையில் வாங்கிய வலி மாத்திரையும் இருக்கும். அந்த மாத்திரைகளில் பல பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும்கூட அதில் இருக்காது. ஒவ்வொரு மருத்துவரும் தன் சீட்டைத்தான் பார்க்கிறார், பையை முழுதாகப் பார்க்க யாரும் இல்லை.

எனவே, மாதம் ஒரு நாளை முதியோருக்கென்று ஒதுக்கி, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆணையிட வேண்டுகிறோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி ஆகியவற்றை அன்றே பார்த்துவிடலாம். ஒரு மருத்துவரோ மருந்தாளுநரோ மாத்திரைப் பை முழுவதையும் பிரித்துப் பார்த்து, ஒரே பட்டியலாக எழுதித் தரவேண்டும்.

இரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டும் பார்க்காமல், நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தலைசுற்றி விழும் ஆபத்து அதிகம். அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

"இந்த வயசுக்கு மேல சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகுது" என்று பெரியவர்களும் சொல்கிறார்கள், சில நேரம் பணியாளர்களும் சொல்கிறார்கள். அது சரியல்ல. 60 வயதுக்குப் பிறகு விட்டாலும் பலன் உண்டு. உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் வைக்கவும், வாரம் 150 நிமிடமாவது உடலை இயக்கவும், 65 வயது கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கப் பயிற்சி செய்யவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அன்றைய தினமே ஒரு செவிலியர் இதை உட்கார்ந்து பேசி விளக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரைகளைச் சேர்த்தே கொடுத்தால் வரிசையும் குறையும்.

2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளை ஆரோக்கியமான முதுமைக்கென்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அது முடிவதற்குள், முதற்கட்டமாகச் சில மருத்துவமனைகளிலாவது இதைத் தொடங்கி, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வயதான பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பத்தினர்