ஓடாத படமெல்லாம் கல்ட் படமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளியானபோது ஓடாமல் பிற்பாடு கொண்டாடப்படுவதுதான் ‘கல்ட்’ படம் என்கிறது தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை. ஓடாத படங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. மறுபடி மறுபடி பார்க்கத் தூண்டும் ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு உருப்படியான பிரதியும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டாவதைக் கட்டுரை தொடவே இல்லை.

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யுடன் வந்த ‘குணா’வைப் பலர் வீடியோ கேசட்டில்தான் மனப்பாடம் செய்தார்கள். இங்கு அப்போது புழங்கிய ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை வீடியோவில் நொடிக்கு 24 பிரேம் படம் 25 பிரேமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் ஏறிவிடும். ‘கண்மணி அன்போடு’ பாடலில் கமல் கடிதம் சொல்லும் இடத்தைக் கேட்டால் போதும், குரல் மெலிந்திருப்பது உடனே பிடிபடும். அந்தக் கேசட்டிலிருந்து எடுத்த பிரதிகளிலும் இதே கோளாறு தொடர்கிறது. சினிமாஸ்கோப் என்னும் மிக அகலமான படத்தைப் பழைய டிவியின் 4:3 (அகலம்:உயரம்) சட்டத்துக்குள் நிரப்பினாலோ, காட்சியில் 43 விழுக்காடு போய்விடும்.

எனக்கு மிகப் பிடித்தது எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). பாட்டே கிடையாது. ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். முகத்தில் விழும் நிழலும் சாட்சி சொல்கிறது. இந்த 4:3 படத்தை இன்றைய அகலத் திரைக்கு நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால்வாசி வெட்டுப்படும். இழுத்து விரித்தால் சிவாஜி குட்டையாகத் தெரிவார். இரண்டுமே தவறு. இருபுறமும் கறுப்பாக விட்டுத்தான் காட்ட வேண்டும்.

முழுப் பிரதி கிடைப்பதற்குத் தணிக்கையும் தடையாகலாம். ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டது. அதே படத்துக்குப் பிறகு படத்தொகுப்புக்கான தேசிய விருது கிடைத்தது. நம் சிங்கப்பூரில் எடுத்த குங்ஃபூ படம் ‘ரிங் ஆஃப் ஃபியூரி’ (1973), குண்டர் கும்பலைக் காட்டியதற்காகத் தடை செய்யப்பட்டது. ஆசியத் திரைப்படக் காப்பகம் அதைச் சீரமைத்திராவிட்டால் இன்று அதைப் பற்றிப் பேசவே ஆளிருக்காது.

சமூக மன்றங்களில் பழைய தமிழ்ப் படம் திரையிடுவோர், முதலில் பிரதியின் நீளத்தைத் தணிக்கைச் சான்றிதழில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். நான்கு விழுக்காடு குறைந்தால் வேகக் கோளாறு. அதற்கு மேலும் குறைந்தால் காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. படம் வெட்டுப்படாமலும் விரியாமலும் திரையில் விழுகிறதா என்று முந்தைய நாளே அந்த அரங்கிலேயே பத்து நிமிடம் ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
உட்லண்ட்ஸ்