இன்ஜினியரிங் கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்ட்டை லாக் பண்றதுக்கு முன்னாடி, அம்முவுக்கு

அம்மு,

நேத்து போன்ல நீ அழுததுல பாதி எனக்குப் புரியல, கட்ஆஃப் 200க்கு 188.5ங்கிறது மட்டும் காதுல விழுந்துச்சு. மேத்ஸ் 96, பிசிக்ஸ் 92ல பாதி, கெமிஸ்ட்ரி 93ல பாதி, கூட்டிப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. இதுக்கு ஏண்டி அழற?

கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்காது, அதைப் போட்டா ஒரு சாய்ஸ் வேஸ்ட்னு உங்கப்பா சொன்னாராம். வேஸ்டெல்லாம் இல்ல. காலேஜும் கோர்ஸுமா எத்தனை சாய்ஸ் வேணா போடலாம், உன் ரேங்க் வரும்போது சிஸ்டம் உன் லிஸ்ட்டை மேலேருந்து பார்த்துட்டே வரும், முதல்ல எது காலியா இருக்கோ அதைக் குடுத்துடும், மேலே எட்டாததைப் போட்டுட்டேன்னு கீழே இருக்கறது கைவிட்டுப் போகாது. ஆனா பயந்துபோய் "சேஃப்"னு ஒண்ணை மேலே தூக்கி வச்சேன்னா அதுதான் கிடைக்கும், அதுக்குக் கீழ எவ்வளவு நல்ல காலேஜ் காலியா இருந்தாலும் சிஸ்டம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால உனக்குப் பிடிச்ச வரிசையிலயே போடு.

எங்க காலத்துல கவுன்சலிங்கெல்லாம் நேர்ல. 2009ல அண்ணா யுனிவர்சிட்டிக்கு நானும் தாத்தாவும் பஸ்ல ராத்திரி பூரா வந்தோம், ஹால்ல பெரிய ஸ்கிரீன்ல மிச்சம் இருக்கற சீட் எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே இருக்கு, தாத்தாவுக்குக் கை நடுங்குது, பக்கத்து சீட்காரர் ஹாஸ்டல் சாப்பாடு பிரமாதம்னு சொன்ன ஒரு காலேஜை எடுத்துட்டோம் (சாப்பாடும் சுமார்தான்). லேப்ல ஒரு மோட்டாரைச் சுத்தி இருபது பேர் நின்னு வேடிக்கை பார்த்தோம். நீ லிஸ்ட்ல போடுற காலேஜுக்கு முடிஞ்சா ஒரு தடவை நேர்ல போய் லேபைப் பாரு, கேட்ல இருக்கற ஆர்ச்சைப் பார்த்துட்டுத் திரும்பிடாதே.

சிஎஸ்ஸா (கம்ப்யூட்டர் சயின்ஸ்) ட்ரிபிள்ஈயா (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்)ங்கிறதுக்கு வர்றேன். எல்லாரும் சிஎஸ்ங்கறாங்க, நீயும் சிஎஸ்ங்கற. ஆனா போன பொங்கலுக்கு உங்கம்மாவோட மிக்ஸி நின்னப்ப, கழட்டி, தேஞ்சுபோன கார்பன் பிரஷ்ஷை உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஓடி வந்தியே, அந்த மூஞ்சியைக் கோடிங் கிளாஸ் போயிட்டு வந்தப்ப நான் ஒரு நாள்கூடப் பார்க்கல. கோயம்புத்தூர் ஜிசிடி, காரைக்குடி அழகப்பா செட்டியார், திருநெல்வேலி இன்ஜினியரிங் காலேஜ், இந்த மூணு அரசு காலேஜ்லயும் ட்ரிபிள்ஈ இருக்கு, ஃபீஸும் கம்மி. என்னைக் கேட்டா புதுசா முளைச்ச காலேஜ் சிஎஸ்ஸுக்கு மேல இந்த மூணையும் வைப்பேன். முடிவு உன்னோடது.

ஒண்ணு மட்டும், சீட் வந்தப்புறம் அக்செப்ட் அண்ட் அப்வர்ட் (இந்த சீட் இருக்கட்டும், லிஸ்ட்ல இதுக்கு மேலே இருக்கறது வந்தா அதுக்கு மாத்திக் குடுங்கங்கற ஆப்ஷன்) குடுத்தா, மேலே இருக்கறது கிடைச்ச உடனே கையில இருக்கற சீட் தானா போயிடும், திரும்பக் கேக்க முடியாது. அதனால போக மனசில்லாத எதையும் மேலே வைக்காதே.

லிஸ்ட்டைப் போட்டுட்டு லாக் பண்ணாம எனக்கு அனுப்பு. அந்த மிக்ஸி இன்னும் ஓடுதான்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லு.

மாமா