பொரியாத ஆர்ட்டீமியா டப்பா: ஐந்தாவது முறையாகப் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் ஆர்ட்டீமியா முட்டை பொரியாததால் எங்கள் கடல் குதிரைக் குஞ்சுகள் இறந்தது பற்றி

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பதினாறு நாளில் ஒன்பது முறை உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டேன். நான்கு புகார் எண் கையில் இருக்கிறது. ஒரு முறை நேரிலும் வந்து போனேன். நான்கு புகாருக்குமே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. என்ன தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டில் தீர்ந்தது குஞ்சுகள்தான்.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன் உங்களிடம் இரண்டு டப்பா ஆர்ட்டீமியா முட்டை வாங்கினேன். உப்புத் தண்ணீரில் போட்டால் பொரிகிற சிற்றிறால் வகை, அதன் குஞ்சுதான் கடல் குதிரைக் குஞ்சுக்கு உயிருள்ள தீனி. தங்க நிற மூடி போட்டு, பக்கவாட்டில் கடல் குதிரைப் படத்தோடு விற்கிறீர்களே, அதேதான். 90 சதவீதம் பொரியும், 24 மணி நேரம் போதும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். பொரியவில்லை. எங்கள் ஆண் கடல் குதிரை பெற்ற 340 குஞ்சுகளில் 317 போய்விட்டன.

ஆமாம், ஆண்தான் பெறும். உங்கள் உதவி எண்ணில் இதற்கே மூன்று பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிடும், சுமப்பதும் பெறுவதும் ஆண். ஒருவர் சிரித்தார். சரி, சிரிக்கட்டும். இன்னொருவர், "முட்டை உடையாமத்தானே மேடம் வந்துச்சு?" என்று கேட்டார். மணல் மாதிரி இருக்கிற ஆர்ட்டீமியா முட்டையை, ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிற முட்டையை, உடைந்ததா என்று கேட்கிறார். உங்கள் சொந்தப் பொருள் என்னவென்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டீர்களா?

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர் ஏழாவது அழைப்பில் பேசியவர். அன்று காலையில்தான் தொட்டியின் அடியிலிருந்து நாற்பதுக்கு மேல் எடுத்துப் போட்டிருந்தேன். அந்த நிலையில் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி முடித்தேன். அவர் சொன்னது இது: "மீன் குஞ்சுதானே மேடம். செத்தா அடுத்த வாட்டி போடும். அதுக்கா இத்தனை போன்?" அப்புறம் நான் பேசப் பேசவே இணைப்பைத் துண்டித்துவிட்டார். நேரம் காலை 11.42. உங்களிடம் பதிவு இருக்கும், "தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே. எடுத்துக் கேளுங்கள்.

மீன் குஞ்சுதான். யார் இல்லை என்றது? அந்த மீன் குஞ்சுக்குத் தீனி என்று சொல்லித்தானே நீங்கள் காசு வாங்கினீர்கள்?

கோபத்தில் வரிசை மாறுகிறது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஜோடி எரெக்டஸ் வகை. தொட்டியில் பிறந்து வளர்ந்தவை, முறையான சீட்டோடு வாங்கினோம். இரண்டு வருடமாக வளர்க்கிறோம். தினமும் காலையில் இரண்டும் வால் பின்னிக்கொண்டு, நிறம் மாற்றிக்கொண்டு சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் அடுத்த வேலை. 23 டிகிரி தண்ணீரில் ஏறக்குறைய மூன்று வாரம் சுமந்தது. பை உருண்டையாகி, அது வாலைத் தூணில் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து, இன்று நாளைக்குள் பெற்றுவிடும் என்று தெரிந்ததும் உங்கள் டப்பாவைத் திறந்து பாட்டில் உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்கப் போட்டேன். மறுநாள் விடியற்காலை குஞ்சுகள் வந்துவிட்டன. புகைப்படம் எடுத்து, என் மகள் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணியது 340. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அப்பா அம்மாவின் அச்சு, வாலைச் சுருட்டி எதையாவது பிடிக்கத் தேடிக்கொண்டு.

கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது. சாப்பிட்டதைச் சேர்த்து வைத்துக்கொள்ள இடமே இல்லை. குழந்தைக்கு ஒரு வேளை தள்ளிப் போனால் அழும், இதற்குத் தள்ளிப் போனால் அவ்வளவுதான். பிறந்த அன்றே வேட்டையைத் தொடங்கிவிடும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் விழுங்கும். அதுவும் அசைகிற இரையைத்தான். பொடி போட்டால் திரும்பிப் பார்க்காது, தண்ணீர்தான் கெடும். அன்று மாலை என் பாட்டிலில் விளக்கு வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் மேகம் போல் திரண்டு வெளிச்சத்துக்கு வர வேண்டும். பழுப்புத் தண்ணீரில் அங்கொன்று இங்கொன்று நீந்திக்கொண்டிருந்தது. 36 மணி நேரம் ஆன பிறகும் அதே கதைதான்.

உங்கள் மின்னஞ்சல் பிரிவு நான்கு முறை கேட்ட கேள்விக்கு ஐந்தாவது முறையாகப் பதில்: உப்பு லிட்டருக்கு 28 கிராம். வெப்பம் 27 டிகிரி. பிஹெச் 8.2. அடியிலிருந்து காற்று, மேலே இரவு பகலாக விளக்கு. "உப்பு சரியாகப் போட்டீர்களா என்று பார்க்கவும்" என்று இனி ஒரு முறை பதில் வந்தால் அதை அச்செடுத்து நுகர்வோர் நீதிமன்றத்தில் சேர்ப்பேன்.

எண்ணியும் பார்த்தேன். ஐந்து சிறு தட்டு, தட்டுக்கு நூறு முட்டை, பூதக்கண்ணாடி. 36 மணி நேரத்தில் பொரிந்தது 9, 12, 7, 11, 10. ஐந்நூறுக்கு நாற்பத்தொன்பது. பத்து சதவீதம்கூட இல்லை. உங்கள் டப்பாவில் பூஜ்யத்தையும் ஒன்பதையும் இடம் மாற்றி அச்சடித்துவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன்.

நான்காம் நாள் ஒரு தோழி தன்னிடம் இருந்த வேறு நிறுவனத்தின் முட்டையில் இரண்டு கரண்டி கொடுத்தார். அதே பாட்டில், அதே உப்பு, அதே விளக்கு. இருபது மணி நேரத்தில் ஆரஞ்சு மேகம். இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்? அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. பழைய டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்ததால்தான் மீதியாவது அதுவரை தாங்கியது.

தாங்கியதிலும் நிறைய பின்னால் போயிற்று, அதற்கும் உங்கள் முட்டைதான் காரணம். பத்தில் ஒன்று பொரிந்தால் மீதி ஒன்பதும் தண்ணீரிலேயே கிடக்கும் அல்லவா? எவ்வளவு வடிகட்டினாலும் அசைகிற ஒன்றிரண்டைப் பிரித்தெடுக்கும்போது கூடவே பொரியாத முட்டையும் காலி ஓடும் வந்துவிடும். குஞ்சு அதையும் உறிஞ்சிவிடும், செரிக்காது, குடல் அடைத்துக்கொள்ளும். கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே பழுப்புப் புள்ளிகள் வரிசையாக நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ப்ளீச்சில் ஓட்டைக் கரைத்துவிட்டுப் போட்டிருக்கலாமே என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். (இவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. இவரையே எல்லா அழைப்புக்கும் போடலாம்.) போட்டேன் ஐயா. ஓடு போகும், உள்ளே உயிர் இல்லாத முட்டைக்கு உயிர் வராது. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், குஞ்சு சீண்டாது.

இன்னொருவர், "குஞ்சு ரொம்பச் சின்னது மேடம், அதுக்கு ஆர்ட்டீமியா பெரிசு, வேற தீனி குடுத்திருக்கணும்" என்றார். ரெய்டி வகைக் குஞ்சு என்றால் இந்த வாதத்தை ஒத்துக்கொள்வேன், அவை சிறியவை, முதல் நாட்களில் ஆர்ட்டீமியாவைவிடச் சிறிய கோபிபாட் என்ற நுண்ணுயிர்தான் நல்லது. எரெக்டஸ் குஞ்சு பிறந்த நாளிலிருந்தே ஆர்ட்டீமியா தின்னும். அதை விடுங்கள், டப்பாவில் கடல் குதிரைக் குஞ்சு படம் போட்டு "முதல் நாள் முதல்" என்று எழுதியது நானா?

இனி நேரில் வந்த கதை. தொலைபேசியில் "டப்பாவையும் மாதிரியையும் சேவை மையத்துக்குக் கொண்டு வாங்க" என்றார்கள். பொரிக்கிற பாட்டிலைத் துண்டில் சுற்றி, டப்பாவைப் பனிக்கட்டிப் பையில் வைத்து, இரண்டு பேருந்து மாறி வந்தேன். மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார வைத்தார்கள். என் முறை வந்ததும், இங்கே பம்பும் ஃபில்டரும் மட்டும்தான், தீனி வகை கிடங்கைச் சேர்ந்தது, கிடங்கில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் விடவில்லை. சரி என்று டப்பாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, முகர்ந்து பார்த்து, "வாசனை நல்லாத்தானே இருக்கு" என்றார். ஈர விரல்! காய்ந்தே இருக்க வேண்டிய முட்டையில்! நான் வீட்டில் ஈரக் கரண்டிகூட விட்டதில்லை. பிறகு ஒரு தாளைக் காட்டினார்: திறந்த டப்பாவை மாற்றித் தர இயலாது, வாங்கி ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். போட்டுப் பார்க்காமல் பொரியுமா என்று எப்படித் தெரியும்? திறக்காமல் எப்படிப் போடுவது? அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். திரும்பி வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அந்த ஒரு நாள் தீனி போட ஆள் இல்லாமல் போனது எத்தனை என்று எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சு வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு சிட்டிகை போட்டுச் சோதித்திருக்க வேண்டும். இதற்கு முன் உங்கள் டப்பா இரண்டு மூன்று முறை ஏமாற்றாமல் பொரிந்ததால் நம்பிவிட்டேன். உங்களை நம்பியதுதான் தவறு என்று சொல்வீர்கள் என்றால், சரி, ஏற்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். திறந்தபோதே முட்டை மணல் போல் ஓடாமல் கட்டி கட்டியாக இருந்தது. எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது. டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதிச் சீட்டின் ஓரத்தைத் தூக்கினால் கீழே இன்னொரு தேதி தெரிகிறது, மேலே இருப்பதைவிட முந்தியது. படம் இணைத்திருக்கிறேன். இதற்கு விளக்கம் உங்களிடம் இருக்கலாம், இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் படம் உங்களோடு நிற்காது.

"புதுசா ரெண்டு வாங்கிக்கோங்க" என்று எட்டாவது அழைப்பில் ஒரு யோசனை வந்தது. கடல் குதிரை கடையில் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் பொருள் இல்லை. 2004 முதல் எல்லாக் கடல் குதிரை இனங்களின் பன்னாட்டு வணிகமும் சைட்டிஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடலிலிருந்து பிடிப்பதைக் குறைக்கத்தான் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் குஞ்சு வளர்க்கப் பாடுபடுகிறோம். 317 என்பது எனக்கு ஒரு வம்சம். அதை ஒரு டப்பா விலையோடு ஒப்பிட்டால் நூறு டப்பா கொடுத்தாலும் ஈடாகாது.

மிஞ்சியது 23. தோழி கொடுத்த முட்டையைப் பொரித்து, எட்டு மணி நேரம் விட்டு, அந்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளுக்கு வாய் திறந்த பிறகு அவற்றுக்குக் கொழுப்புச் சத்து ஊட்டி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுக்கிறேன். வால் பிடிக்கக் கிடைக்காமல் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தவை இப்போது நூலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டன.

நான் கேட்பது பெரிதல்ல. இரண்டு டப்பாவுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்தத் தொகுதி எண் போட்ட டப்பாக்களை நீங்களே போட்டுச் சோதித்து, பொரியவில்லை என்றால் வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள், அவர்கள் வீட்டிலும் பை வீங்கிய ஆண் இருக்கலாம். காலை 11.42க்குப் பேசியவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும், நிறுவனத்தின் பெயரில் அச்சடித்த பொதுக் கடிதம் வேண்டாம். உங்கள் பொருளைப் பல வருடம் மற்றவர்களுக்குச் சொல்லி வாங்க வைத்தவள் என்ற உரிமையில் பணிவோடு கேட்கிறேன். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தட்டில் எண்ணிய கணக்கு, தேதிச் சீட்டின் படம், நான்கு புகார் எண் எல்லாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குப் பணிவு தேவைப்படாது.

ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சு பெற்ற நான்காம் நாளே ஜோடி மறுபடி சேர்ந்துவிட்டது. ஆணின் பை மறுபடி நிறைந்திருக்கிறது, இன்னும் ஒன்பது நாள்தான். தோழியின் முட்டை தீரப் போகிறது. உங்கள் இரண்டாவது டப்பா முத்திரை உடையாமல் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. திறந்தால் பணம் கிடைக்காது என்கிறீர்கள், திறக்காவிட்டால் பொரியுமா என்று தெரியாது. திறக்கட்டுமா வேண்டாமா என்பதை மட்டுமாவது தயவுசெய்து எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்கு "தீர்க்கப்பட்ட" புகார்களின் உரிமையாளர்