கலராகப் பிறந்த பேரன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்னென்ன சாப்பிடலாம் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டால் சரியாகாத ஒரு குறையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

என் மகளை அவள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தோம். எங்கள் சொந்தத்தில் அது வழக்கம்தான். பேரன் செம்பட்டை முடியும் வெளுத்த தோலுமாகப் பிறந்தான். கருத்த குடும்பத்தில் கலராக ஒரு பிள்ளை என்று தெருவே கொஞ்சியது. கண் நிலைகொள்ளாமல் ஆடியதையோ, தவழும்போதே முழங்கால் நாவற்பழம் போலக் கன்றிப்போனதையோ யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம் காதில் சீழ், சளி, நிமோனியா என்று மாறி மாறி வந்தது. போன இடத்திலெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதித் தந்து அனுப்பினார்கள். இரண்டு வயதில்தான் ஒரு டாக்டர் நிறம், ரத்தக்கட்டு, காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். ரத்தத்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் மிகக் குறைவு. மரபணுச் சோதனையில் ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோய், 2ஆம் வகை என்று வந்தது. 1959இல் செக் மருத்துவர்கள் இருவர் முதலில் எழுதிய நோயின் அரிய வகை இது.

நான் மதுரையில் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் தபால் பிரித்தவன். அதனால் டாக்டர் சொன்னது சட்டென்று பிடிபட்டது. செல்லுக்குள் உருவாகும் புரதங்களில் எது எந்தப் பைக்கு என்று பிரித்தனுப்பும் ஏ.பி.-3 என்ற புரதக் கூட்டில் ஒரு பாகம் பழுது. தோலின் நிறமி, ரத்தம் உறைய உதவும் தட்டணு, கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் டி செல், மூன்றுக்கும் அந்தப் பிரிப்புத்தான் ஆதாரம். டி செல் எதிரியைப் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் துளைக்கும் பெர்ஃபோரினும் பைக்குள் இருக்கிறது. ஆனால் ஒட்டிய இடத்துக்குப் பை நகர்ந்து வருவதில்லை. கட்டிய தபால் பை ஆபீசிலேயே கிடக்க, நடைமேடையில் ரயில் நிற்கிற கதைதான்.

இப்போது நியூட்ரோஃபிலைக் கூட்டும் ஊசி போடுகிறோம். நிமோனியா குறைந்திருக்கிறது. ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் ஆஸ்பிரின் தருவதே இல்லை.

பெற்றோர் இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான மரபணு இருந்திருக்கிறது. அவர்களுக்கு நோய் இல்லை. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. “சொந்தத்தில் கட்டினதாலயாப்பா?” என்று மகள் கேட்டாள். கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான்தான்.

வருகிற தையில் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ரத்தம் கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று நான் வாயால் சொன்னால் அபசகுனம் என்கிறார்கள். அதற்குள் இந்தக் கடிதம் அச்சில் வந்தால் இரண்டு வீட்டுக்கும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவேன்.

- ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர், திருமங்கலம்