லைட்டை அணைத்தவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

சனிக்கிழமை இரவோடு எங்கள் இம்ப்ராவ் நிகழ்ச்சி, அதாவது மேடையிலேயே அந்த நேரத்தில் உருவாக்கி ஆடும் நாடகம், முடிந்தது. 11 வருடம் ஒரு வசனம்கூட எழுதி வைக்காமல் ஓட்டியவர்கள் நாங்கள். இப்போது எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஸீன் தொடங்கப் பார்வையாளர்களிடம் "யாராவது ஒரு வார்த்தை கொடுங்க" என்று கேட்டே பழகிவிட்டது. இன்று கேட்க ஆளில்லாததால் நானே தொடங்குகிறேன்.

முதல் நன்றி லைட் போர்டில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு. மேடையில் ஆறு பேர் தெரிவோம். ஏழாவது ஆள் அவர். எழுதிய நாடகத்தில் எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று தாளில் குறித்திருப்பார்கள். அண்ணன் கையில் தாளே கிடையாது. ஸீன் எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியாத நேரத்தில் அவர் கண்டுபிடிக்க வேண்டும். சிரிப்பு மேலே ஏறி, இறங்கத் தொடங்குவதற்குள் அணைத்தாக வேண்டும். ஒரு நொடி முந்தினால் ஜோக் வெட்டுப்படும். இரண்டு நொடி பிந்தினால் நாங்களே இன்னொரு ஜோக் சொல்லிக் கெடுத்துவிடுவோம். (நான் கெடுக்கிற ரகம்.) மேடை வெளிச்சத்தில் அவர் முகம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அணைக்கப் போகும்போது முன்னால் சாய்வார். அந்தப் பழைய நாற்காலி ஒரு கிறீச் போடும். அது கேட்டால் இன்னும் ஒரு வரிதான் பாக்கி.

கடைசி ஸீனுக்கு வருகிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆறு பேர். மெக்கானிக் வந்து கதவைத் திறந்துவிட்டார். ஒருவரும் வெளியே போகவில்லை. "கொஞ்சம் சாத்திட்டுப் போங்க தம்பி" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அரங்கமே வெடித்தது. நாற்காலி கிறீச்சிட்டது. கேட்காத மாதிரி நான் இன்னொரு வரி பேசினேன். மறுபடி கிறீச். ஆனாலும் விளக்கு அணையவில்லை. 11 வருடத்தில் அன்றைக்குத்தான் அண்ணன் தாமதம் செய்தார். ஸீன் சற்றுத் தொய்ந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தே எங்களுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்.

கீபோர்டு வாசித்த தம்பிக்கு: நாங்கள் பாதியில் சுருதியை விட்டுவிட்டு வேறெங்கோ பாடிக்கொண்டிருக்கும்போது, அங்கேயே வந்து எங்களைப் பிடித்துக்கொண்டாய். தப்பு உன்னுடையது என்று பலர் நினைத்தார்கள். ஒருநாளும் நீ மறுக்கவில்லை.

வாசலில் டிக்கெட் கிழித்த அக்காவுக்கு: மழை பெய்த ஒரு ராத்திரி உள்ளே நான்கே பேர். மேடையில் ஆறு, கீழே நான்கு. கேன்சல் செய்துவிடலாமா என்று கேட்டோம். "நாலு பேரும் டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்காங்க" என்றீர்கள். அவ்வளவுதான், ஆடினோம். அந்த நால்வரையும் கதாபாத்திரங்களாக்கினோம். அதில் இரண்டு பேர் சனிக்கிழமையும் வந்திருந்தார்கள்.

நேரில் பார்க்காத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் மேடையேறும் முன் ஒருவரை ஒருவர் கண்ணாடிபோல அப்படியே பிரதிபலிக்கும் பயிற்சி செய்வோம். அது வயோலா ஸ்போலின் கற்றுத் தந்தது. சிகாகோவில் பிள்ளைகளோடு வேலை செய்தபோது அவர் உருவாக்கிய விளையாட்டுகள்தான் இந்தக் கலைக்கே வேர். அவருடைய மகன் பால் சில்ஸ், 1959-இல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாங்கள் கடன்பட்ட இன்னொருவர் கீத் ஜான்ஸ்டன். மல்யுத்தப் போட்டிகளில் கூட்டம் கத்துகிற கத்தலைப் பார்த்து, நாடகத்துக்கும் இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1977-இல் கனடாவின் கால்கரி நகரத்தில் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற இம்ப்ராவ் போட்டி தொடங்கியது அப்படித்தான். எங்கள் இரண்டாம் பாதியில் நீங்கள் கூச்சல் போட்டு மார்க் கொடுத்தீர்களே, அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது. புத்திசாலித்தனம் காட்டாதே, கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல் என்பதும் அவர் பாடம். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மட்டும் ஐந்து வருடம் ஆயிற்று.

கூட ஆடியவர்களுக்கு என்ன சொல்ல? டாக்டராக நினைத்துக்கொண்டு மேடைக்குள் நுழைவேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி "அப்பா, இத்தனை வருஷம் எங்கே போனீங்க?" என்று ஓடி வருவாள். டாக்டர் அங்கேயே காலி, நான் அப்பா. "ஆமாம், அப்புறம்..." என்றுதான் போக வேண்டும், "இல்லை" என்றால் ஸீன் செத்துவிடும். என் டாக்டர்களைக் கொன்ற எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உள்ளவர்களுக்கும். எத்தனை சனிக்கிழமை எங்களை விட்டுக்கொடுத்தீர்கள்! பேச்சு நடுவில் "ஆமாம், அப்புறம்" என்று நாங்கள் சொன்னால் எரிச்சல் வந்திருக்கும், மன்னியுங்கள்.

கடைசியாக ஒருவருக்குத் தனியாக. உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, கையெழுத்து தெரியும். வாசலில் வைத்த பெட்டியில் எல்லோரும் சீட்டில் ஒரு வார்த்தை எழுதிப் போடுவார்கள், நாங்கள் கண்ணை மூடி எடுப்போம். நிகழ்ச்சி முடிந்து மிச்சச் சீட்டுகளைப் பிரித்துப் படிக்கும்போது, பச்சை மையில், வலப்பக்கம் சரிந்த எழுத்தில், "அத்தையின் பல்செட்" என்று ஒன்று இருக்கும். ஆறேழு வருடமாக இருந்தது. ஒரு தடவைகூட கையில் வந்து சிக்கவில்லை. எங்களுக்குள் அது ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது ஒத்திகைக்கு வராவிட்டால் "அவன் அத்தையின் பல்செட்" என்போம்.

சனிக்கிழமை, முதல் சீட்டே அதுதான். சத்தியமாகப் பார்த்து எடுக்கவில்லை. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருடம் காத்திருந்த சீட்டு, விட்டுவிடக்கூடாது என்று முழுமூச்சாக இறங்கினோம். அன்றைய இரவிலேயே படுமோசமான ஸீன் அது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் 40 நொடியில் லைட்டை அணைத்துவிட்டார்.

மன்னித்துவிடுங்கள். சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.