செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் வண்டிகளை ஓட்டும் சக ஓட்டுநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: ரம்பச் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் செயின் டென்ஷனர்.

ஆண்டு முழுக்க என்னிடம் வந்த புகார்களில் அதிகம் கேட்டது, "செயின் கழன்றுகொண்டே இருக்கிறது" என்பதுதான். என் வண்டியிலும் அதே கதை. புதுச் செயின் போட்டேன், செயின் சுற்றி ஓடும் தகடான பாரை மாற்றினேன், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றினேன். அரை நாள் ஓடும், அப்புறம் பழையபடி கழலும். கடைசியில் பாரைக் கழற்றிவிட்டு, பாரைப் பிடித்திருக்கும் ஹோல்டர் சறுக்கும் தடத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிண்டினேன். மரத்தூளும் பிசினும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போன கறுப்புக் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. கையில் எடுத்தால் தார் போல ஒட்டியது. டென்ஷனரின் பிஸ்டன் தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஹோல்டர்தான் நகர முடியாமல் சிக்கிக் கிடந்திருக்கிறது.

தானாக இறுக்கிக்கொள்ளும் அமைப்பு என்பதால் நாம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. மரத்தைப் பிடித்து அறுக்கும் ஹார்வெஸ்டர் தலைகள் பலவற்றில், அறுத்து முடித்து பார் உள்ளே திரும்பியதும், ஹைட்ராலிக் அழுத்தத்தில் சிறிய பிஸ்டன் ஒன்று பாரை முன்னே தள்ளிச் செயினை இறுக்குகிறது. அடுத்த வெட்டு முழுக்க அந்த இறுக்கம் நிற்க வேண்டும். பிஸ்டன் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின் மரத்துக்குள் போனதும் தொய்ந்துவிடும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பாரில் கை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

கையால் இறுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சூடான செயினை விறைப்பாக இறுக்கிவிட்டுப் போனால், ஆறியதும் அது சுருங்கி ரம்ப மோட்டாரின் பேரிங்கை இழுக்கும்.

கழன்ற செயினை அப்படியே எடுத்து மாட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். கழலும்போது, செயினின் அடியில் ஸ்ப்ராக்கெட்டோடு பொருந்தும் டிரைவ் லிங்க்குகள் அந்த ஸ்ப்ராக்கெட்டில் அடிபட்டுப் பிசிறு விடும். அந்தச் செயின் நொடிக்கு 40 மீட்டர் வரை வேகத்தில் ஓடும்போது அறுந்தால், துண்டு தோட்டா மாதிரி பறக்கும். கேபின் கண்ணாடி கனமான பாலிகார்பனேட்டில் இருப்பது இதற்காகத்தான். ஆனால் வெளியே நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாரின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

வரும் ஆண்டில் சீல் மாற்றும் வேலையைக் கழற்றிக் காட்டும் பயிற்சி ஒன்றை நடத்தவும், அதற்கான கருவிகளைச் சங்கச் செலவில் வாங்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்